பயோ படித்தால் டொக்டர் மட்டும்தானா?

நோட்டன் பிரிட்ஜ் மலைகளிலிருந்து பேராதனைக்கும் அதற்கு அப்பாலும்: உயிரியல் பிரிவு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில், பயோ படித்த பிள்ளையைப் பார்த்துத் தோட்டத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "டொக்டருக்குக் கெடச்சிருச்சா?" கிடைத்துவிட்டால் பிரட்டுக்களத்தில் அதுவே பேச்சு. சந்தியில் பதாகை ஏறும், கோயிலில் அர்ச்சனை நடக்கும். கிடைக்காவிட்டால், மூன்று பாடத்திலும் நல்ல சித்தி பெற்ற பிள்ளைகூட "சரிவரல்ல" என்ற ஒற்றைச் சொல்லோடு ஒதுக்கப்படும். அடுத்த மாதமே கொழும்பில் ஒரு கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை தேடத் தொடங்கிவிடும்.

மருத்துவ பீடம் கிடைக்காத அந்தப் பிள்ளைக்கு நாட்டின் பல்கலைக்கழகங்களில் எத்தனையோ பட்டப் படிப்புகள் திறந்திருக்கின்றன. மிருக வைத்தியம், விவசாயம், உணவு விஞ்ஞானம், மருந்தாக்கவியல், தாதியியல், சித்த மருத்துவம், தாவரவியல், விலங்கியல், மூலக்கூற்று உயிரியல் என்று அந்தப் பட்டியல் நீளமானது. பட்டத்துக்குப் பிறகு ஆராய்ச்சி, முதுமாணி, கலாநிதி என்று இன்னும் வழிகள் உண்டு. இவற்றின் பெயர்கூட நம் லயங்களுக்கு வந்து சேரவில்லை. திறமை இருந்தும் விவரம் தெரியாத காரணத்தால் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளை இழந்துகொண்டிருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்த விவரத்தைச் சொல்வதற்காக.

உயிரியல் நடுவே ஓர் ஊர்

நோட்டன் பிரிட்ஜ், நுவரெலியா மாவட்டத்தின் அம்பகமுவைப் பகுதியில், கெஹெல்கமு ஓயாவின் கரையில் இருக்கிறது. இங்குள்ள அணைக்கட்டில் தேங்கும் நீர்தான் 1950 முதல் லக்சபான மின்நிலையத்தை ஓட்டுகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீரில் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையம் 1965இல் தொடங்கியது. வட்டவளை, கினிகத்தேனை, நோட்டன் பக்கம் இலங்கையிலேயே மழை மிக அதிகம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்யும். தேயிலை மலைகளுக்கு மேலே சிவனொளிபாதமலைக் காடு தொடங்குகிறது. ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து இந்தக் காட்டை யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமையாக அறிவித்தது.

அந்தக் காட்டில்தான், 1853இல் கேலார்ட் என்ற இராணுவ வைத்தியர் விவரித்த பின் யார் கண்ணிலும் படாமல் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு தவளை இனம், 2009இல் திரும்பவும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு காணாமற்போன உயிர் இங்கே, நம் தலைக்கு மேலே உள்ள மலையில் வாழ்ந்துகொண்டிருந்தது.

காட்டுக்குக்கூடப் போக வேண்டாம். மழைக்காலத்தில் கொழுந்து மலைக்குள் இறங்கி ஓர் இளந்தளிரைத் திருப்பிப் பார்க்கலாம். முதலில் இலையில் எண்ணெய் பட்டதுபோல ஒரு வெளிர் புள்ளி தெரியும். சில நாளில் அந்த இடம் மேற்புறம் குழிந்து கீழ்ப்புறம் புடைக்கும். புடைத்த பக்கம் வெல்வெட் துணிபோல வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த வெள்ளை முழுவதும் வித்திகள். காற்றில் பறந்து அடுத்த தளிரில் ஒட்டி, ஈரம் கிடைத்ததும் முளைக்கும். இதுதான் கொப்புள நோய். எக்சோபசிடியம் வெக்சான்ஸ் என்ற பங்கசு இதற்குக் காரணம். 1946இல் இலங்கைக்கு வந்தது. கொழுந்தையே தின்னும் நோய் என்பதால் தொழிலாளியின் நாட்கூலி வரை இது தொடும். பாடப்புத்தகத்தில் பங்கசு இராச்சியம் என்று மனனம் செய்யும் பிள்ளையின் தாய், அதே பங்கசைத் தினமும் விரலால் தொடுகிறாள்.

இந்த மலைகளின் வரலாறே உயிரியலால் திரும்பியதுதான். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட கோப்பித் துரு நோய், கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதை ஆராய 1880இல் ஹெரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கு அனுப்பப்பட்டார். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் அது இயங்குகிறது. அதன் முதல் இயக்குநர் தோமஸ் பெச், பங்கசுகளைப் பற்றிய ஆராய்ச்சியாளர். 1930களில் தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழு பெருகியபோது, ஜாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தச் சிறு குளவி புழுவைக் கட்டுப்படுத்திய கதை, உயிரியல் கட்டுப்பாட்டுப் பாடங்களில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

இவ்வளவும் நடந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளில் உயிரியலாளர்கள் இத்தனை குறைவாக இருப்பதற்குக் காரணம், வழியில் இருக்கும் தடைகள்.

தடை எங்கே தொடங்குகிறது

இலங்கையில் எல்லாப் பாடசாலையிலும் விஞ்ஞானப் பிரிவு இல்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் 1ஏபி வகை. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. சாதாரண தரத்தோடு நிற்பவை 2ஆம் வகை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் அதுவரை தோட்டத்துப் பிள்ளைக்கு முழுமையாகக் கிட்டவில்லை. அந்தப் பிந்திய தொடக்கத்தின் தழும்பு இன்னும் ஆறவில்லை. பெருந்தோட்டப் பகுதிகளில் தமிழ்மொழி மூல 1ஏபி பாடசாலைகள் மிகக் குறைவு. இருப்பவற்றிலும் உயிரியலுக்கு ஆசிரியர் இருந்தால் பௌதிகத்துக்கு இருக்கமாட்டார், இருவரும் இருந்தால் ஆய்வுகூடத்தில் உபகரணம் இருக்காது.

நோட்டன் பிரிட்ஜ் தோட்டமொன்றின் பிள்ளை பயோ படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் ஹட்டன் பக்கம் வரவேண்டும். காலையில் முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய முதல் பாடம் போய்விடும். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அன்று பள்ளிக்கூடமே இல்லை. வார இறுதியில் தனியார் வகுப்பு, அதற்கும் பஸ், சாப்பாடு, புத்தகம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அப்படிப்பட்ட நாட்சம்பளத்துக்குள்தான் இந்தச் செலவும் அடங்க வேண்டும். இத்தனையையும் தாண்டி மூன்று பாடமும் சித்தியடையும் பிள்ளையைத் தோற்றுப்போன பிள்ளை என்று யாரும் சொல்லக் கூடாது.

இன்னொரு தடை கண்ணுக்குத் தெரியாதது: 12ஆம் தரத்தில் பாடம் தெரிவுசெய்யும் நாள். பயோ பிரிவில் உயிரியலும் இரசாயனவியலும் எடுக்கும் மாணவர், மூன்றாவதாகப் பௌதிகவியலையோ விவசாய விஞ்ஞானத்தையோ எடுக்கலாம். பௌதிகம் கடினம், ஆசிரியரும் இல்லை என்று பலர் விவசாயத்துக்குப் போகிறார்கள். அப்படிப் போனால் மருத்துவக் கதவு அன்றே மூடப்பட்டுவிடும். விவசாயம், உணவு விஞ்ஞானம் போன்ற கதவுகள் திறந்தே இருக்கும். எதை எடுத்தாலும் தவறில்லை. எது எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்று தெரிந்து எடுக்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டிய பொறுப்பு ஆசிரியருக்கும் வீட்டுக்கும் உரியது.

இசட் புள்ளியும் மாவட்டமும்

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தி வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியாவது வேண்டும். உயர்தரத்துக்கு மூன்று தடவை மட்டுமே தோற்றலாம். இந்தத் தகுதி இருந்தால் அடுத்தது இசட் புள்ளி.

இசட் புள்ளி என்றதும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, மிகுதியை நியம விலகலால் வகுத்தால் வருவது அது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள். கடினமான பாடத்தில் 60 எடுத்தவரும் இலகுவான பாடத்தில் 60 எடுத்தவரும் ஒரே தட்டில் வைக்கப்படக் கூடாது என்பதே இதன் நோக்கம். 2001 முதல் அனுமதி இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

இடங்கள் மூன்று பங்காகப் பிரிகின்றன. 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகிறது. 55 சதவீதம் மக்கள்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன.

மாவட்ட ஒதுக்கீட்டின் வரலாறு தமிழர்களுக்குக் கசப்பானது. 1970களின் தரப்படுத்தலில் யாழ்ப்பாணத்து மாணவர்கள் இழந்ததை யாரும் மறக்கவில்லை. அதே ஒதுக்கீடுதான் இன்று நுவரெலியாப் பிள்ளைக்குக் கொழும்புப் பிள்ளையைவிடக் குறைந்த வெட்டுப்புள்ளியில் இடம் தருகிறது என்பதும் உண்மை. ஆய்வுகூடமில்லாத பாடசாலையில் படித்த பிள்ளையைக் கொழும்பின் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமாகாது. ஆகவே இந்தச் சலுகை நம் பிள்ளைகளின் உரிமை, வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அந்த உரிமையைக் காக்கவும் வேண்டும். வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக வெளிமாவட்ட மாணவர்கள் இங்குள்ள பாடசாலைகளில் பெயர் பதிந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடு மலையகத்தில் பல தடவை எழுந்திருக்கிறது. மருத்துவம் போன்ற சில இடங்களே உள்ள துறைகளில், ஓர் இடம் போனாலும் அது ஒரு தோட்டத்துப் பிள்ளையின் இடமாக இருக்கலாம். அதிபர்களும் கல்வி அலுவலகமும் இதில் கண்ணை மூடக் கூடாது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் யார் யார் வேலை செய்கிறார்கள்?

மருத்துவத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிய, பக்கத்தில் உள்ள டிக்கோயா வைத்தியசாலைக்குப் போனால் போதும். இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த கட்டடம் அது. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டியவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடமும் இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள்தான். குளவிக் கொட்டோடு வரும் ஒருவரை டொக்டர் பார்க்கிறார், சரி. அவருக்கு மருந்து ஏற்றுபவர் தாதி. மருந்தைக் கணக்கிட்டுக் கொடுப்பவர் மருந்தாளர். இரத்தத்தைப் பரிசோதிப்பவர் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். எக்ஸ்ரே எடுப்பவர் ரேடியோகிராபர். விழுந்து கால் முறிந்திருந்தால் பிறகு நடக்கப் பழக்குபவர் இயன்மருத்துவர்.

இந்த ஒவ்வொரு வேலைக்கும் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தனிப் பட்டம் உண்டு. பேராதனையின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், ரேடியோகிராபி, இயன்மருத்துவம் எல்லாம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் தாதியியல், மருந்தாக்கவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கலாம். சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தமிழில் பேசும் ஊழியர் ஒருவர் இருந்தால் நோயாளியின் பாதிப் பயம் போய்விடும் என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மிருக வைத்தியப் பட்டம் பேராதனையில் மட்டும். தோட்டத்தில் மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு இந்தத் தொழில் புதிதாகத் தோன்றாது. காட்டு விலங்குகளுக்கும் இவர்கள்தான் தேவை. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் கம்பிக் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் அது இறந்தது. அரிதினும் அரிதான அந்த விலங்கின் மரணம் நாட்டையே உலுக்கியது. காசல்ரீ பக்கத்துத் தோட்டக் காடுகளில் அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகிய ஆய்வாளர்களின் குழு கமெராக்கள் வைத்துச் சிறுத்தைகளை ஆராய்ந்து வருகிறது. எந்தக் கானில் சிறுத்தை இறங்கும், எந்த மலையில் பன்றிக்குக் கண்ணி வைப்பார்கள் என்று சிறுவயதிலிருந்தே அறிந்த தோட்டத்துப் பிள்ளை விலங்கியல் படித்து இந்த ஆய்வுக்கு வந்தால், வெளியிலிருந்து வருபவருக்குப் பல வருடம் எடுக்கும் அறிவு அந்தப் பிள்ளையிடம் முதல் நாளிலேயே இருக்கும்.

தேயிலைக்கு வருவோம். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப் படிப்பை உருவாக்கியது. ஏற்றுமதி விவசாயமும் அங்கே உண்டு. வயம்ப பல்கலைக்கழகத்தின் மாக்கந்துர பீடத்துக்கு விவசாயமும் பெருந்தோட்ட முகாமைத்துவமும் என்பதே பெயர். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, ருகுணு ஆகியவற்றில் விவசாய பீடங்கள் இருக்கின்றன. கொழுந்து பறித்தவரின் பிள்ளை இந்தப் பட்டத்தோடு அதே தோட்டத்துக்குத் துரையாக வரலாம். தலவாக்கலையில் ஆராய்ச்சி அதிகாரியாகவும் வரலாம். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது தேயிலைக்கு என்ன ஆனது என்று நாம் கண்டோம். மண்ணையும் செடியையும் அறிந்தவர்களின் சொல் கேட்கப்படாத இடத்தில் தொழிலாளியின் வயிறுதான் முதலில் காய்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லும் இடத்தில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

கடைசியாக, விஞ்ஞான பீடங்களின் உயிரியல் விஞ்ஞானப் பட்டம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, கிழக்கு, தென்கிழக்கு என்று பல இடங்களில் இது இருக்கிறது. பெயரில் தொழில் இல்லாததால் பெற்றோர் இதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். உண்மையில் ஆராய்ச்சிக்கும் வெளிநாட்டு மேற்படிப்புக்கும் விஞ்ஞான ஆசிரியர் தொழிலுக்கும் நேரான வழி இதுவே.

விண்ணப்பப் படிவம் என்ற இரண்டாவது பரீட்சை

ஒவ்வோர் ஆண்டும் ஆணைக்குழு மாணவர் கைநூலை வெளியிடுகிறது. தமிழிலும் வருகிறது. எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் வேண்டும், எந்தச் சித்தி வேண்டும், எங்கெங்கே இருக்கிறது, கடந்த ஆண்டு எந்த மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி என்ன என்ற விவரமெல்லாம் கிடைக்கும். மாணவர் தமது விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அந்த வரிசைதான் விதியை எழுதுகிறது.

நம் பிள்ளைகள் இங்கே மூன்று பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மருத்துவ பீடங்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது ஒன்று. பக்கத்து வீட்டு அண்ணன் படித்த பட்டத்தையே கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது இன்னொன்று. கம்யூனிகேஷன் சென்டரில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுப்பவரிடமே வரிசையையும் விட்டுவிடுவது மூன்றாவது. செய்ய வேண்டியது இதுதான்: உண்மையில் படிக்க விரும்பும் பட்டத்தை முதலில் எழுதுங்கள், கிடைக்காது என்று தோன்றினாலும் எழுதுங்கள். அதற்குக் கீழே, கடந்த ஆண்டுகளின் நுவரெலியா வெட்டுப்புள்ளியைப் பார்த்து, கிடைக்கக்கூடியவற்றை விருப்பப்படி அடுக்குங்கள். படிக்கவே விரும்பாத ஒன்றை இடம் நிரப்புவதற்காக எழுதாதீர்கள், ஏனென்றால் அதுவே கிடைத்துவிடலாம். ஒரு தடவை பதிவு செய்த பிறகு அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வது இலகுவில்லை. அதன் நிபந்தனைகளைக் கைநூலில் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர்களுக்கும் வழி உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தில் இசட் புள்ளி இல்லாமலே விஞ்ஞானமாணிப் பட்டத்துக்குச் சேரலாம். தாவரவியலும் விலங்கியலும் அங்கே உண்டு. கட்டணம் கட்ட வேண்டும், ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம். சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சி, குண்டசாலை விவசாயப் பாடசாலை, கொட்டகலை பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி ஆகியவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலாம் வருடம்: ஆங்கிலம் என்ற சுவர்

தமிழில் உயர்தரம் படித்த பிள்ளை விஞ்ஞான பீடத்துக்குள் போனதும் விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும்கூட அப்படித்தான். "ஒளித்தொகுப்பு" என்று நெஞ்சோடு படித்த பாடம் வேறு பெயரில் வரும்போது, தெரிந்த விடயமே தெரியாததுபோல் தோன்றும். முதலாம் வருடத்தில் பலர் மனமுடைவது இங்கேதான். பாடம் அவர்களுக்குத் தெரியும், மொழி மட்டும் புதிது. சில மாதம் பொறுத்துப் படித்தால் பிடிபடும். பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் பல மாதங்கள் கிடைக்கின்றன. அந்தக் காலத்தில் உயர்தர உயிரியலை ஆங்கிலத்தில் ஒரு தடவை வாசித்துவிட்டுப் போனால் பாதிச் சுவர் அங்கேயே இடிந்துவிடும்.

முதலாம், இரண்டாம் வருடப் புள்ளிகளுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. விஞ்ஞான பீடங்களில் பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம். தாவரவியல், விலங்கியல், மூலக்கூற்று உயிரியல் போன்ற சிறப்புத் துறைகளுக்கு முதல் இரண்டு வருடப் பெறுபேற்றைப் பார்த்தே ஆள் எடுப்பார்கள், இடமும் சில. நான்காம் வருடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து அறிக்கை எழுத வேண்டும். அந்த ஆய்வே ஆராய்ச்சி உலகத்துக்கான நுழைவுச்சீட்டு. "கெம்பஸ் கிடைத்தாயிற்று, இனிப் பார்த்துக்கொள்ளலாம்" என்று முதலாம் வருடத்தை விட்டுவிட்டால் அந்தச் சீட்டு கிடைக்காது.

பட்டத்துக்குப் பிறகு

மேற்படிப்பு என்றால் பணக்காரர் வேலை என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. விஞ்ஞானத்தில் அது பெரும்பாலும் உண்மையில்லை. வகுப்புக்குப் போய்ப் படிக்கும் முதுமாணிக்குக் கட்டணம் உண்டு. பேராதனையில் 1975இல் தொடங்கிய பட்டப்பின் விவசாய நிறுவகத்திலும், 1996இல் தொடங்கிய பட்டப்பின் விஞ்ஞான நிறுவகத்திலும் இத்தகைய படிப்புகள் பல. ஆராய்ச்சி வழியிலான முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களின் கதை வேறு. ஆய்வுக்கு நிதி பெற்ற பேராசிரியர் ஓர் ஆராய்ச்சி உதவியாளரை மாதக் கொடுப்பனவோடு சேர்ப்பார். அந்த வேலையைச் செய்தபடியே பட்டத்துக்குப் பதியலாம். 1981இல் தொடங்கி, இப்போது கண்டி ஹந்தானையில் இயங்கும் தேசிய அடிப்படை ஆய்வு நிறுவகமும் இளம் பட்டதாரிகளை இவ்வாறு சேர்த்துக்கொள்கிறது. மூலக்கூற்று உயிரியலுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தனி நிறுவகமே இருக்கிறது.

வெளிநாட்டில் வழி இன்னும் அகலம். அமெரிக்காவில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால், ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ வேலை செய்வதற்கு ஈடாகக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று மாதக் கொடுப்பனவும் தருவது உயிரியல் துறைகளில் பரவலான வழக்கம். ஐந்தாறு வருடம் எடுக்கும். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். புள்ளிப் பட்டியல், ஆங்கிலத் தேர்வு, மூன்று சிபாரிசுக் கடிதங்கள், ஏன் இந்த ஆராய்ச்சி என்று விளக்கும் ஒரு கட்டுரை ஆகியவை வேண்டும். முன்பு கட்டாயமாக இருந்த ஜி.ஆர்.ஈ. தேர்வைப் பல உயிரியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. அமெரிக்காவில் முதுமாணிக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம் வேண்டும், கலாநிதிக்கு வேண்டியதில்லை என்ற வித்தியாசத்தை மறக்க வேண்டாம். பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பானின் மெக்ஸ்ட், ஜெர்மனியின் டாட், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் ஆகியவையும் இலங்கையர்களுக்குத் திறந்தவை.

இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் மலையகத்துக்கு இன்னும் நெருக்கமானவை. பட்டப் படிப்புக்கு நேரு நினைவுத் திட்டம், முதுமாணிக்கு மௌலானா ஆசாத் திட்டம். இவற்றில் மருத்துவம் இல்லை, விஞ்ஞானப் பாடங்கள் உண்டு. 1940களில் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்கு உதவுகிறது. பல்கலைக்கழகத்துக்குள் போனபின் மஹாபொல அல்லது உதவுதொகை. எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காதவருக்கு எதுவும் தானாக வராது.

என்ன செய்யலாம்?

பெற்றோருக்கு முதலில். பிள்ளைக்கு டொக்டர் ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். அதோடு, வேறு இரண்டு மூன்று வழிகளையும் 11ஆம் தரத்திலேயே தெரிந்துவைத்திருக்கச் சொல்லுங்கள். மருத்துவம் கிடைக்காத நாளில் பிள்ளையைத் தோற்றவன், தோற்றவள் என்று யாரும் சொல்ல இடங்கொடாதீர்கள்.

பாடசாலைகளுக்கு. மாணவர் கைநூல் வந்ததும் உயர்தர வகுப்புக்கு ஒரு முழு நாளை ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரின் வரிசையையும் ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். ஒரு நாள் உழைப்பு ஒரு வாழ்க்கையைத் திருப்பும்.

அரசுக்கும் மலையக அரசியல் தலைமைகளுக்கும். மலையகத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை நீண்ட நாளாக இருக்கிறது. அது வரட்டும். அதற்கு முன், நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஓரத்து ஊர்களின் பிள்ளைகள் எட்டக்கூடிய தூரத்தில், ஆய்வுகூடமும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியர் மூவரும் உள்ள 1ஏபி பாடசாலை வேண்டும். உயர்தரம் இல்லாமல் பல்கலைக்கழகம் யாருக்கு?

கடைசியாக, ஏற்கெனவே பட்டம் பெற்ற மலையகத்துப் பிள்ளைகளுக்கு. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பதுளையிலும் படித்து முடித்த நீங்கள்தான் இந்த வழியை நடந்து பார்த்தவர்கள். அடுத்த தடவை விண்ணப்பம் கோரும் மாதத்தில் விடுமுறை எடுத்து ஊருக்கு வாருங்கள். உங்கள் பழைய பாடசாலையில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, பயோ பிள்ளைகளோடு உட்கார்ந்து, கைநூலை ஆரம்பத்திலிருந்து சேர்ந்து வாசியுங்கள்.